‘பின்னாடி, பின்னாடி!’ – யாருக்குப் பின்னாடி?

கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் என்ற கணினித் துப்பாக்கி விளையாட்டு. மேப், அதாவது ஆடுகளம், மிராஜ். ஸ்கோர் 11-11. இரவு 11.30 தாண்டியிருக்கும். பாம் வைக்க வேண்டிய ஏ, பி என்ற இரு இடங்களில் ஏ சைட்டில் அதை வைத்தாகிவிட்டது. எங்களில் மூன்று பேர் உயிரோடு இருக்கிறோம், எதிரணியில் மிச்சம் இரண்டே பேர். 40 விநாடி காவல் காத்தால் ரவுண்ட் எங்களுக்கு. அந்த நேரம் பார்த்து எங்களில் ஒருவன் சுடப்பட்டுச் சாய்ந்தான். சாகும்போது ஹெட்செட் கிழியக் கத்தினான்: “டேய் பின்னாடி, பின்னாடி!”

மிச்சமிருந்த இருவரும் பட்டென்று திரும்பினோம். நான் என் முதுகுப் பக்கம் இருந்த பேலஸ் என்ற இடத்தைப் பார்த்தேன். மற்றவன் தன் முதுகுப் பக்கம் இருந்த ராம்ப்பைப் பார்த்தான். சுட்டவன் வந்தது கனெக்டர் என்ற பாதை வழியாக. செத்தவனுக்கு அதுதான் பின்னாடி. எங்கள் இருவருக்கும் அது முன்னாடி. திரும்பாமல் சும்மா இருந்திருந்தால் வந்தவனை நேருக்கு நேர் பார்த்திருப்போம்.

ரவுண்ட் போனது, ஆட்டமும் 11-13 என்று போனது. கத்தியவன் பொய் சொல்லவில்லை, தாமதமாகவும் சொல்லவில்லை. ‘கனெக்டர்’ என்ற ஒரு சொல் அவன் வாயில் வரவில்லை, அவ்வளவுதான். வருடக்கணக்கில் சேர்ந்து ஆடுகிறோம், ஐந்து பேருக்கும் குறி மோசமில்லை. ஆனால் தோற்ற ஆட்டங்களை ரீப்ளே போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் இதே கதைதான். ஒருவனுக்குத் தெரிந்தது இன்னொருவனுக்குப் போய்ச் சேரவில்லை, இல்லாவிட்டால் கோணலாகப் போய்ச் சேர்ந்தது.

கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1999இல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இருவர் ‘ஹாஃப்-லைஃப்’ விளையாட்டின் மேல் கட்டிய இலவச மாற்று வடிவமாகத்தான் இது தொடங்கியது. பிறகு வால்வ் நிறுவனம் எடுத்துக்கொண்டது. இப்போது ஓடுவது 2023 செப்டம்பரில் வந்த கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2. ஐந்து பேர் எதிர் ஐந்து பேர். ஒரு பக்கம் பாம் வைக்கப் பார்க்கும், மறுபக்கம் தடுக்கும். ஒரு ரவுண்டுக்கு 1 நிமிடம் 55 விநாடி. பாம் வைத்துவிட்டால் வெடிக்க 40 விநாடி. அதைச் செயலிழக்க வைக்க 10 விநாடி ஆகும், 400 டாலர் கொடுத்து கிட் வாங்கியிருந்தால் 5 விநாடி. செத்தால் அடுத்த ரவுண்ட் வரை வேடிக்கைதான் பார்க்கலாம். முதலில் 13 ரவுண்ட் எடுப்பவர்கள் ஜெயிப்பார்கள்.

விதி இவ்வளவுதான். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. யாருக்கும் முழு மைதானமும் தெரியாது. கிரிக்கெட்டில் பேட்ஸ்மேன் தலையைத் திருப்பினால் பதினோரு ஃபீல்டரையும் பார்த்துவிடலாம். இங்கே ஒவ்வொருவனுக்கும் தன் திரையில் விரியும் ஒரு சந்து, ஒரு கதவு, ஒரு ஜன்னல் மட்டும்தான். எதிரி எங்கே கூடுகிறான், பாம் யாரிடம் இருக்கிறது, எந்தப் பக்கம் காலியாக இருக்கிறது என்பதெல்லாம் ஐந்து பேரிடமும் துண்டு துண்டாகக் கிடக்கும். அந்தத் துண்டுகளைச் சேர்த்து ஒரே படமாக்குகிற டீமுக்கு, எதிரி கண்ணில் படும் முன்பே பாதி வேலை முடிந்துவிடும். மூலையில் இருக்கும் ராடார் கொஞ்சம் உதவும். நம் ஆள் பார்த்த எதிரி அதில் சிவப்புப் புள்ளியாக வருவான். ஆனால் அவன் கையில் என்ன துப்பாக்கி, எத்தனை அடி வாங்கியிருக்கிறான், எங்கே போகிற உத்தேசத்தில் இருக்கிறான் என்பதை அந்தப் புள்ளி சொல்லாது. அதை வாய்தான் சொல்ல வேண்டும்.

வாய் சொல்ல வேண்டுமானால் இடத்துக்குப் பெயர் வேண்டும். ‘அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்’ என்றால் எந்தப் பெட்டி? அதனால்தான் ஒவ்வொரு மேப்பிலும் மூலை முடுக்குக்கெல்லாம் பெயர் இருக்கிறது. இவற்றைக் கால்-அவுட் என்பார்கள். பெரும்பாலானவை ஆடுகிறவர்கள் வாயில் பிறந்தவை. இன்ஃபெர்னோ மேப்பில் பி சைட்டுக்கு ஏறும் வளைந்த பாதைக்கு ‘பனானா’ என்று பெயர், அங்கே ஒரு வாழைப்பழம் கூட விற்காது. 2001இல் டேவிட் ஜான்ஸ்டன் உருவாக்கிய டஸ்ட் 2 மேப்பில் ஏ சைட்டின் ஒரு மூலைக்கு ‘கூஸ்’ என்று பெயர், சுவரில் வாத்துப் படம் கிறுக்கியிருப்பதால். நியூக் மேப்பில் உயரமான மேடை ‘ஹெவன்’, அதன் அடிப்பகுதி ‘ஹெல்’. சொர்க்கத்தில் இருப்பவன் நரகத்தில் இருப்பவனை மேலிருந்து சுடுவான். இதில் தத்துவம் எதுவும் இல்லை.

நம் ஊர் பஸ் ஸ்டாப் பெயர்கள் மாதிரிதான் இதுவும். தியேட்டரை இடித்து ஜவுளிக்கடை வந்து பல வருடம் ஆகியிருக்கும். ஆனாலும் கண்டக்டர் தியேட்டர் பெயரைச் சொல்லித்தான் விசிலடிப்பார். பெயர் பொருத்தமாக இருக்கிறதா என்பது யாருக்கு வேண்டும்? கேட்டவுடன் எல்லோர் தலையிலும் ஒரே இடம் தோன்றினால் போதும். புதிதாக டீமில் சேருகிறவனுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். துப்பாக்கியைத் தொடும் முன் காலி மேப்பில் ஒரு அரை மணி நேரம் நடந்து பெயர்களை வாய்விட்டுச் சொல்லச் சொல்வோம். அலுப்பான வேலைதான். ஆனால் அதற்கப்புறம் ‘பின்னாடி’ குறைந்துவிடும்.

பெயர் தெரிந்தாலும் அதை எப்படிச் சொல்வது என்பது இன்னொரு பாடம். நல்ல தகவலில் மூன்று விஷயம் இருக்கும்: எங்கே, எத்தனை பேர், என்ன நிலையில். “லாங், ரெண்டு, ஒருத்தன் ஏடபிள்யூபி.” லாங் என்பது இடம், ஏடபிள்யூபி என்பது துப்பாக்கி. முடிந்தது. செத்தவன் இன்னும் ஒன்று சேர்க்கலாம்: “சுட்டவனுக்கு எண்பது போயிருக்கு.” மொத்த உயிர் 100 என்பதால் அவனுக்கு மிச்சம் 20தான், பிஸ்டலால் கூட முடிக்கலாம் என்று மற்றவர்களுக்குப் புரிந்துவிடும். இதைச் சொல்ல இரண்டு விநாடி போதும். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கும்? “ஐயோ மச்சி, அவன் எப்படிடா பார்த்தான், நான் தலையிலதான் அடிச்சேன், சத்தியமா சொல்றேன்…” இந்தப் புலம்பல் முடிவதற்குள் சுட்டவன் இடம் மாறியிருப்பான்.

புலம்பலால் நேரம் போவது ஒரு பக்கம். அது காதை அடைப்பது அதைவிட மோசம். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் ஓடினால் காலடிச் சத்தம் கேட்கும், ஷிஃப்ட் அழுத்தி மெல்ல நடந்தால் கேட்காது. கதவு, ஏணி, துப்பாக்கியில் தோட்டா மாற்றுவது, பாமைத் தொடுவது, எல்லாவற்றுக்கும் தனிச் சத்தம் உண்டு. நன்றாக ஆடுகிறவன் பாதி ஆட்டத்தைக் காதால்தான் ஆடுகிறான். நண்பனின் குரலும் எதிரியின் காலடியும் ஒரே ஹெட்செட் வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஒருவன் பேசும் ஒவ்வொரு விநாடியும் மற்ற நான்கு பேரின் காதிலிருந்து எடுத்துக்கொண்ட விநாடி. நிறையப் பேசும் டீமை நல்ல டீம் என்று நினைப்பது ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் தப்பு. நானும் செய்தேன்.

நம் தெரு கிரிக்கெட்டிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. ரன் ஓடும் இருவருக்கு நடுவில் மூன்றே சொல்: யெஸ், நோ, வெயிட். யார் சொல்ல வேண்டும் என்பதும் பந்து எங்கே போகிறது என்பதைப் பொறுத்து முடிவாகிவிடும். “வா வா… இல்ல… டேய் போடா…” என்று நீட்டினால் இருவரும் ஒரே முனையில் நிற்பார்கள்.

ஒருவன் மட்டும் மிஞ்சி எதிரில் இரண்டு மூன்று பேர் இருக்கும் நிலையை க்ளட்ச் என்பார்கள். அப்போது செத்த நான்கு பேரும் வாயை மூட வேண்டும் என்பது எழுதாத சட்டம். அவர்களும் அதே திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஆலோசனை தொண்டை வரை வரும். அடக்கிக்கொள்ள வேண்டும். சொல்லியே ஆக வேண்டிய தகவல் என்றால் ஒரு சொல், அதற்குமேல் இல்லை.

இன்னொரு பேச்சு இருக்கிறது, துப்பாக்கிச் சத்தமே இல்லாத இடத்தில் நடப்பது. ரவுண்ட் தொடங்கும் முன் அசையாமல் நிற்கும் அந்தப் பதினைந்து இருபது விநாடி. அங்கே நடப்பது பணப் பேச்சு. ஆட்டத்தின் தொடக்கத்தில் ஆளுக்கு 800 டாலர். ஏகே-47 துப்பாக்கி 2,700 டாலர். தூரத்திலிருந்து ஒரே குண்டில் ஆளை முடிக்கும் ஏடபிள்யூபி 4,750. கவசமும் ஹெல்மெட்டும் சேர்த்து 1,000. தோற்ற டீமுக்கும் ஆறுதல் பணம் உண்டு. தொடர்ந்து தோற்கத் தோற்க அது 1,400 டாலரிலிருந்து 3,400 வரை ஏறும். எனவே சில சமயம் ஒரு ரவுண்டை விட்டுக்கொடுத்து, பிஸ்டலோடு போய்ச் செத்து, அடுத்த ரவுண்டுக்குச் சேர்த்து வைப்பது புத்திசாலித்தனம்.

சிக்கல் என்னவென்றால் பணம் ஐந்து பர்ஸில் இருக்கிறது. மூன்று பேரிடம் நாலாயிரத்துக்கு மேல், இரண்டு பேரிடம் ஆயிரத்து சொச்சம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர் வாங்கி இரண்டு பேர் சேமித்தால் இந்த ரவுண்டும் போகும், அடுத்த ரவுண்டுக்கும் பணம் இருக்காது. எல்லோரும் வாங்க வேண்டும், இல்லை எல்லோரும் சேமிக்க வேண்டும். பணம் இருப்பவன் இல்லாதவனுக்குத் துப்பாக்கி வாங்கித் தூக்கிப் போடலாம். “சேவ்டா, சேவ்” என்று நான்கு பேர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே “நான் ஒண்ணும் பண்ண மாட்டேன், சின்னதா ஒண்ணு வாங்கிக்கிறேன்” என்று ஒருவன் வாங்கிவிடுவான். எல்லா டீமிலும் அப்படி ஒருவன் இருப்பான். எங்கள் டீமில் அவன் நிஜ வாழ்க்கையில் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறான்.

இந்த வாக்குவாதத்தை முடித்துவைக்க ஒருவர் வேண்டும். தொழில்முறை டீம்களில் அவர்தான் ஐஜிஎல், அதாவது களத்துக்குள்ளேயே இருந்து வழிநடத்தும் கேப்டன். தானும் சுட வேண்டும், ஐந்து பேரின் பணக் கணக்கும் வைத்திருக்க வேண்டும், எதிரணியின் பணத்தையும் ஊகிக்க வேண்டும், அடுத்த ரவுண்டுக்கு என்ன திட்டம் என்று சொல்ல வேண்டும், திட்டம் பாதியில் உடைந்தால் ஓரிரு விநாடியில் வேறொன்று சொல்ல வேண்டும். ஐஜிஎல்களின் தனிப்பட்ட ஸ்கோர் பெரும்பாலும் பட்டியலின் கீழ்ப்பாதியில் இருப்பதில் ஆச்சரியமில்லை. அதை வைத்து அவர்களைத் திட்டுகிற ரசிகர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

டென்மார்க்கின் அஸ்ட்ராலிஸ் டீமை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். 2017இல் அட்லாண்டாவில் தொடங்கி 2018இல் லண்டன், 2019இல் காட்டோவிட்சே, பெர்லின் என்று நான்கு மேஜர் கோப்பைகள். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கின் மிகப் பெரிய போட்டிகளைத்தான் மேஜர் என்பார்கள். ஐஜிஎல் கிளெய்வ் என்ற லூகாஸ் ராசண்டர். பெரிய மேடைகளில் பதறித் தோற்கிறார்கள் என்று பெயர் வாங்கியிருந்த டீம், பின்லாந்தைச் சேர்ந்த விளையாட்டு உளவியலாளர் மியா ஸ்டெல்பெர்கை வரவழைத்து வேலை செய்தது. ஆட்டத்தில் அவர்கள் தனித்துத் தெரிந்தது குண்டு வீச்சில். ஒருவன் ஸ்மோக் போட்டு ஜன்னலை மறைப்பான், இன்னொருவன் தீக்குண்டு போட்டு மூலையைக் காலி செய்வான், மூன்றாமவன் ஃபிளாஷ் வெடிக்கும் அதே நொடியில் நான்காமவன் வெளியே காலடி வைப்பான். ஃபிளாஷ் அரை விநாடி முந்தினாலும் பிந்தினாலும் குருடாவது நம் ஆள்தான். அந்த நொடியில் “போடட்டுமா?” “இரு இரு” என்று பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. பேச்செல்லாம் பயிற்சி அறையிலேயே முடிந்திருக்கும். களத்தில் திட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதும்.

கபடியில் சங்கிலி போட்டு நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். கார்னர் பாய்வதற்கு முன் “பாயப் போறேன்” என்று அறிவிப்பதில்லை. கையின் இறுக்கத்திலேயே பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரிந்துவிடும். இங்கே கை கோக்க வழியில்லை, ஐந்து பேரும் ஐந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்குப் பதிலாகத்தான் அத்தனை மணி நேர ஒத்திகை.

ஒரு துண்டுத் தகவலுக்கு என்ன மதிப்பு என்று தெரிய வேண்டுமானால், அதற்காக டீம்கள் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்று பார்க்கலாம். 2014 ட்ரீம்ஹேக் வின்டர் போட்டியில் சுவீடனின் ஃபனாட்டிக் டீம், பிரான்ஸின் எல்டிஎல்சியிடம் பெரிய அளவில் பின்தங்கியிருந்தது. ஓவர்பாஸ் மேப்பில் மூன்று பேர் ஒருவர் தோள்மேல் ஒருவராக ஏறினார்கள். உச்சியில் நின்ற ஒலாஃப்மெய்ஸ்டர், கண்ணுக்குத் தெரியாத ஒரு விளிம்பில் நின்றபடி மைதானத்தின் பெரும்பகுதியைப் பார்த்தார். அவர் பார்த்ததைச் சொல்லச் சொல்ல ஆட்டம் தலைகீழானது, ஃபனாட்டிக் ஜெயித்தது. பிறகு முறையீடு, மறுபடி ஆடச் சொல்லும் முடிவு என்று குழப்பம். கடைசியில் ஃபனாட்டிக் விலகிக்கொள்ள, எல்டிஎல்சி முன்னேறிக் கோப்பையையே தூக்கியது. ஒரே ஒருவனுக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்ததால் வந்த வினை இத்தனையும்.

கோச் விவகாரமும் இதே சாதிதான். ஒரு காலத்தில் சில டீம்கள் பின்னால் நிற்கும் கோச்சையே ஐஜிஎல் ஆக்கிவிட்டன. அவர் சுட வேண்டியதில்லை, சாகவும் மாட்டார். ஐந்து திரையையும் பார்த்து நிதானமாகச் சொல்லலாம். ஆறாவது ஆட்டக்காரர் என்றே வைத்துக்கொள்ளலாம். 2016 ஆகஸ்டில் வால்வ் கடிவாளம் போட்டது. ஆட்டத்துக்கு முந்தைய வார்ம்-அப், இடைவேளை, தலா 30 விநாடி கொண்ட நான்கு டைம்-அவுட், இவற்றில் மட்டும்தான் கோச் பேசலாம் என்று விதி வந்தது. நான்கு வருடம் கழித்து வேறொரு கூத்து. மென்பொருள் கோளாறு ஒன்றால் கோச்சின் கேமரா மேப்பில் ஓரிடத்தில் சிக்கி நின்றுவிடும், அங்கிருந்து எதிரிகள் நடமாடுவது தெரியும். அதைப் பயன்படுத்திக்கொண்டதாக 2020 செப்டம்பரில் இ-ஸ்போர்ட்ஸ் நேர்மை ஆணையம் 37 கோச்களுக்குத் தடை விதித்தது.

சரி, ஐந்து பேரும் என்ன மொழியில் பேசுவது? பல வருடம் டேனிஷ் டீம், சுவீடிஷ் டீம், பிரெஞ்சு டீம், பிரேசில் டீம் என்றுதான் இருந்தது. பதற்றத்தில் தாய்மொழிதான் வாயில் வரும் என்பது அதற்கான நியாயம். 2022 மே மாதம் ஆன்ட்வெர்ப் மேஜரை வென்ற ஃபேஸ் கிளான் அந்த நியாயத்தை உடைத்தது. டென்மார்க், நார்வே, லாட்வியா, எஸ்டோனியா, கனடா என்று ஐந்து நாட்டு ஐந்து பேர். மேஜர் வென்ற முதல் பன்னாட்டு டீம் அது, ஐஜிஎல் கேரிகன் என்ற ஃபின் ஆண்டர்சன். உக்ரைனின் நாவி டீம் இன்னும் துணிச்சலான காரியம் செய்தது. ரஷ்ய மொழி பேசி 2021 ஸ்டாக்ஹோம் மேஜரை ஒரு மேப் கூடத் தோற்காமல் வென்ற டீம், 2023இல் ஆங்கிலத்துக்கு மாறியது. உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பலரும் சொல்லும் சிம்பிள் களத்தில் இல்லாமல், பின்லாந்து, லிதுவேனியா, ருமேனியா, உக்ரைன் என்று கலந்துகட்டிய ஐந்து பேரோடு, 2024 மார்ச்சில் கோபன்ஹேகன் மேஜரையும் வென்றது. அந்த ஐந்து பேரில் ஒருவருக்குக் கூட ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அதுவே ஒரு வசதியோ என்று எனக்குத் தோன்றும். இரவல் மொழியில் யாரும் வளவளவென்று பேச முடியாது.

நம் பக்கம் கதை வேறு. மும்பை சர்வரிலோ சென்னை சர்வரிலோ முன்பின் தெரியாத நான்கு பேரோடு சேர்த்துவிட்டால் பெரும்பாலும் ஹிந்திதான் காதில் விழும். எங்களுக்குத் தெரிந்த ஹிந்தி ‘ஏக்’, ‘தோ’, ‘பீச்சே’. பீச்சே என்றால் மறுபடியும் அதே பின்னாடிதான். கால்-அவுட் பெயர்கள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் ஒப்பேற்றிவிடலாம். எங்கள் டீமுக்குள் ஆடும்போது தமிழ்தான். தமிழுக்கு இதில் ஒரு தனி வசதியும் ஒரு தனிச் சங்கடமும் இருப்பதைக் கவனித்திருக்கிறேன். “லாங்ல ஒருத்தன்” என்றால் அங்கே நிற்கிறான். “லாங்ல இருந்து” என்றால் அங்கிருந்து வருகிறான். “லாங்குக்கு” என்றால் அங்கே போகிறான். ஒரே பெயரின் வாலை மாற்றினால் திசையே மாறிவிடுகிறது. சங்கடம் என்னவென்றால் அந்த வால் கடைசியில் வருகிறது. துப்பாக்கிச் சத்தத்திலும் மட்டமான மைக்கிலும் முதலில் அறுபடுவது வால்தான். “லாங்…” என்று கேட்கும், நிற்கிறானா வருகிறானா போகிறானா என்று தெரியாது. அதனால் எங்கள் பேச்சு நாளடைவில் வால் இல்லாத தமிழாகிவிட்டது: “லாங், ஒண்ணு, வர்றான்.”

வாயே வேண்டாம் என்று யோசித்தவர்களும் உண்டு. 2019 பிப்ரவரியில் வந்த அபெக்ஸ் லெஜண்ட்ஸ், மூன்று பேர் கொண்ட அணிகள் ஆடும் விளையாட்டு. அதில் ஒரே பட்டனால் எதையும் சுட்டிக்காட்டலாம், இதற்குப் பிங் என்று பெயர். எதிரியைப் பார்த்து அழுத்தினால் எதிரி, கதவைப் பார்த்து அழுத்தினால் கதவு, தோட்டாவைப் பார்த்து அழுத்தினால் தோட்டா, அங்கே என்ன இருக்கிறது என்பது மற்ற இருவர் திரையிலும் குறியாக வந்துவிடும், பாத்திரமே குரல் கொடுத்துச் சொல்லும். காது கேளாதவர்கள், பேச முடியாதவர்கள், அந்நியரோடு மைக்கில் பேச விரும்பாதவர்கள் எல்லோருக்கும் இது பெரிய உதவி. 2021இல் அந்த விளையாட்டை வெளியிட்ட ஈஏ நிறுவனம் இந்த உத்திக்கான காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது.

மைக்கில் பேச விரும்பாதவர்கள் ஏன் விரும்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் தோழி ஒருத்தி எங்கள் ஐந்து பேரையும்விட நன்றாக ஆடுவாள். தெரியாதவர்களோடு ஆடும்போது மைக்கைத் திறக்கவே மாட்டாள். பெண் குரல் என்று தெரிந்த மறுநொடி ஆட்டம் திசை மாறிவிடும், கிண்டல் வரும், அசிங்கம் வரும், வேண்டுமென்றே தோற்கடிப்பவனும் வருவான். ஆகவே பிங் மட்டும்தான். ஆனால் பிங்கால் ‘எங்கே’ என்று சொல்லலாம், ‘நான் சொல்லும்போது போ’ என்று சொல்ல முடியாது. அந்த டீமுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு நல்ல தலை அமைதியாக உட்கார்ந்திருக்கும். வேலரன்ட் என்ற இதே மாதிரித் துப்பாக்கி விளையாட்டை நடத்தும் ரயட் நிறுவனம் 2021இல் பெண்களுக்காக ‘கேம் சேஞ்சர்ஸ்’ என்ற தனிப் போட்டித் தொடரைத் தொடங்கியதன் பின்னணியில் இதுவும் இருக்கிறது.

எங்கள் டீமுக்கு இப்போது சில விதிகள் உண்டு. ரவுண்ட் நடக்கும்போது யாரும் யாரையும் திட்டக்கூடாது, திட்டு எல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு. ‘பின்னாடி’, ‘அங்க’, ‘இங்க’ மூன்றும் தடை செய்யப்பட்ட சொற்கள், சொன்னால் அடுத்த டீச்செலவு அவனுடையது. க்ளட்ச் என்றால் மௌனம்.

போன மாதம் ஒரு ரவுண்டில் நான் கடைசி ஆள், எதிரில் மூன்று பேர். நாங்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கார்ட் செயலியில் நான்கு பேரும் கப்சிப். ஒருவன் மைக்கில் மட்டும் சீலிங் ஃபேன் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. முதல் ஆள் விழுந்தான். யாரும் மூச்சுவிடவில்லை. இரண்டாவது ஆளும் விழுந்தான். மூன்றாமவன் எங்கே என்று காதைத் தீட்டிக்கொண்டு மேப்பில் ஜங்கிள் என்ற இடத்தில் ஒண்டியிருந்தேன். அந்த ஃபேன் மைக்கில் கதவு திறக்கும் சத்தம், அப்புறம் அவன் அம்மாவின் குரல்: “மணி ஒண்ணாச்சு, இன்னும் தூங்கலையாடா?”

மூன்றாமவன் ஓடிவந்த காலடிச் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. மறுநாளிலிருந்து அந்த ஃபேன்காரன் பட்டனை அழுத்தினால் மட்டும் மைக் திறக்கும்படி மாற்றிக்கொண்டான். அந்த வார டீச்செலவையும் அவனே கொடுத்தான்.